பிணமாகப் படுத்தால் சிரிக்க வேண்டும்

ஜூன் 1, திங்கள்

காலைச் சர்க்கரை 184. இரண்டு இட்லி, சட்னி கொஞ்சம்.

தினமும் சர்க்கரையையும் சாப்பிட்டதையும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் டாக்டரம்மா. மருந்துக் கடையில் சும்மா கொடுத்த டைரி இது. பக்கத்துக்கு இரண்டு வரி எழுதினால் மீதி இடம் வீணாகத்தானே போகும். ஐந்தாவது வரை படித்தவள் நான், எழுத்துக் கூட்டி எழுதிவிடுவேன். மறக்காமல் இருக்க எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு எதுவும் மறக்காது. சுகந்தி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இருபத்திரண்டு வருஷம். கல்யாணத்துக்கு அவள் வீட்டில் எனக்கு எடுத்த அரக்குப் புடவை முதல் துவைப்பிலேயே சாயம் விட்டதை இன்றைக்குக் கேட்டாலும் கிழமையோடு சொல்வேன்.

சாயங்காலம் ஏழரைக்கு டிவியில் புதுத் தொடர் ஆரம்பித்தது. ‘தேன்மலர் இல்லம்’. தேன்மலராக வருகிறவள் பச்சையம்மா, என் மகள். டிவிக்காரர்களுக்கு அவள் தாரிணி. இரண்டு வருஷமாக அவளை எதிலும் காணோம். நான் தொடர் பார்க்கிறவள் இல்லை. முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தேன், அது பாட்டுக்கு ஓடியது. மாம்பழக் கலரில் பச்சை பார்டர் போட்ட புடவை. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜூன் 2, செவ்வாய்

சர்க்கரை 176. ஏழரைக்குக் கீரை ஆய்ந்தேன்.

ஜூன் 3, புதன்

சர்க்கரை 180. கீரை. தினமும் கீரையா அத்தை என்று சுகந்தி கேட்கிறாள். சர்க்கரைக்கு நல்லது என்றேன்.

ஜூன் 4, வியாழன்

சர்க்கரை 191. பேத்தி கொடுத்த பிஸ்கட் இரண்டு.

மதுமிதா காலேஜ் விட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மகன் ஏழுமலையின் மகள். வாய் கொஞ்சம் நீளம், என்னைப் போல.

“ஆயா, இதுல யாருமே நடிக்கல தெரியுமா? முழுக்க ஏஐ. கம்ப்யூட்டரே கதை எழுதி, கம்ப்யூட்டரே ஆள உண்டாக்கி, கம்ப்யூட்டரே பேச வைக்குது.”

“அப்ப அங்க நிக்கிறது உங்க அத்த இல்லாம உங்க ஆத்தாளா?”

“அத்த மூஞ்சி ஆயா. மூஞ்சியும் குரலும் மட்டும் குடுத்திருக்காங்க. அவங்க செட்டுக்கே போவல. செட்டே கெடையாது.”

நான் சிரித்துவிட்டேன். பதினோரு வருஷம் மகளோடு செட்டில் போய் உட்கார்ந்திருந்தவள் நான். என்னிடமே கதை விடுகிறாள்.

“சரி, மத்தியானம் எத்தினி பேருக்குச் சாப்பாடு போடறாங்க?”

“யாருக்கும் இல்ல.”

“டச்சப் யாரு?”

“யாரும் இல்ல ஆயா.”

“லைட்டு புடிக்கிறவன், கிளாப் அடிக்கிறவன்?”

“ஐயோ ஆயா! ஒருத்தரும் இல்ல.”

ஒருத்தரும் சாப்பிடாத இடத்தில் எப்படித் தொடர் எடுப்பார்கள்? செல்லைப் பார்த்துப் பார்த்து இந்தப் பெண்ணுக்கு மூளை கெட்டுவிட்டது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே சுகந்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நாத்தனார் பேச்சு வந்தாலே அவளுக்கு அப்படித்தான்.

ஜூன் 9, செவ்வாய்

சர்க்கரை 188.

இன்றைக்குத் தேன்மலர் மழையில் நனைந்துகொண்டே அழுதாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தேன். இடது புருவத்தில் தழும்பு இல்லை.

ஒன்பது வயதில் பவுடரைப் பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அழுது அழுது பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. கையில் இருந்த கரண்டியை வீசினேன். புருவம் இரண்டாகப் பிளந்து மூன்று தையல். நடிக்கப் போன பிறகு பென்சிலால் வரைந்து மூடுவார்கள். ஆனால் மழைக் காட்சி வந்தால் பென்சில் கரைந்து தழும்பு தெரியும். எல்லாத் தொடரிலும் எனக்குத் தெரியும். இப்போது புருவம் முழுசாக இருக்கிறது. எந்த டாக்டரிடமோ போய்ச் சரி பண்ணிக்கொண்டுவிட்டாள். அம்மா வைத்த பெயர் வேண்டாம், அம்மா போட்ட தழும்பும் வேண்டாம். நல்லது.

ஜூன் 13, சனி

சர்க்கரை 203. காரணம் சுகந்தி.

மாவு கரைத்துக்கொண்டே, “அண்ணிக்கு ஒரு போன் போடுங்களேன் அத்த. எம்மா நாளைக்குத்தான் இப்பிடி?” என்றாள்.

“என் வாயக் கிளறாத. ஒங்கப்பன் வீட்டுப் புடவ மாதிரி நான் சாயம் விடறவ இல்ல” என்றேன். மாவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எம்மா நாள் என்று எனக்குத் தெரியாதா? ஒன்பது வருஷம், நாலு மாதம். மாசி மாதம் வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். ஏழுமலை ஒன்பது மணிக்கே அவளுக்குப் போன் போட்டான். சென்னை சாலிகிராமத்திலிருந்து நம் திண்டிவனம் என்ன டெல்லியா? மூன்று மணி நேரம். நாலு மணிவரை பாடையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். எடுத்துப் போன பிறகு வந்து இறங்கினாள். முகத்தில் வெள்ளையாக மேக்கப், நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டி எடுத்த வட்டம். அங்கே யாருக்கோ பிணமாகப் படுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

தெரு முழுக்க நிற்கும்போது சொன்னேன். “ஊருக்கெல்லாம் பொணமா படுக்கத் தெரிஞ்சுது. பெத்த அப்பன் பொணத்தப் பாக்க வரத் தெரியல. நீ செத்தாலும் உன் வாசல மிதிக்க மாட்டேன் போடி.”

சொன்னது சொன்னதுதான். அதன் பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஜூன் 18, வியாழன்

சர்க்கரை 179. கேஸ் வந்தது. சிலிண்டரை வாசலிலேயே உருட்டிவிட்டுப் போகிறான்.

பதினோரு மணிக்கு எனக்கு ஒரு போன். எடுத்தால் பேச்சைக் காணோம். கொர் கொர் என்று மூச்சு மட்டும். இந்த லோன் கம்பெனிக்காரன்களுக்கு வேறு வேலை இல்லை. “யார்ரா அது, வாயில இன்னா கொழுக்கட்டையா? வயசானவன்னா வெளையாட்டா இருக்குதா? கட்டையில போறவனே, செத்துத் தொல” என்று கத்தினேன். அப்போதும் வைக்கவில்லை. நான்தான் வைத்தேன். கொஞ்சம் படபடப்பு. மோர் குடித்தேன்.

ஜூன் 19, வெள்ளி

சர்க்கரை 185.

தேன்மலர் செத்துப்போனாள். மாமியார்க்காரி பாலில் எதையோ கலந்து கொடுத்தாள். கூடத்தில் கிடத்தி மாலை போட்டு, மூக்கில் பஞ்சு வைத்து, எல்லாம் வைத்துவிட்டார்கள்.

ஷூட்டிங்கில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்து போக விடமாட்டார்கள். காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கச் சொல்லி அதையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். டிவியில் வராது. கெட்டது ஒட்டாமல் இருக்க. இருபத்திரண்டு வயதில் பச்சையம்மா முதல் தடவை பிணமாகப் படுத்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். எழுந்து உட்கார்ந்து, மூக்கில் பஞ்சோடு சிரித்தாள். பஞ்சை நானே பிடுங்கி எறிந்தேன். “கேமராவுக்குச் சிரிச்சது பத்தாது, நான் கேக்கணும். எங்க படுத்தாலும் டிவியில வர்றதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணிச் சிரிச்சுடணும்” என்று சத்தியம் வாங்கினேன்.

நான் வீட்டோடு இருந்துவிட்ட பிறகு நாலு தடவை போன் பண்ணிச் சிரித்தாள். சண்டைக்குப் பிறகும் இரண்டு தடவை. ஹலோ கிடையாது, அம்மா கிடையாது. சிரிப்பு மட்டும். நானும் வாயைத் திறக்க மாட்டேன். கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். முந்தின நாளே வந்துவிடும் அந்தப் போன்.

இந்தத் தடவை வரவில்லை.

ஜூன் 20, சனி

சர்க்கரை பார்க்கவில்லை. இன்றைக்கும் அவளைக் கிடத்தியே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தராக வந்து அழுகிறார்கள். போன் வரவில்லை. சார்ஜ் இருக்கிறது, பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 21, ஞாயிறு

தொடர் கிடையாது. போனும் இல்லை. சத்தியத்தை மறந்துவிட்டாள்.

ஜூன் 22, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சாயங்காலம் மதுமிதாவைக் கூப்பிட்டு, போன் ஏதாவது வந்து நான் எடுக்காமல் விட்டிருக்கிறேனா பார் என்றேன். பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

“விட்டது ஒண்ணும் இல்ல ஆயா. பதினெட்டாம் தேதி ஒண்ணு வந்திருக்கு. நாப்பது செகண்டு பேசியிருக்க.”

“அது லோன் கம்பெனிக்காரன். திட்டி அனுப்பிட்டேன்.”

சுகந்தி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கையில் ஈரத் துணி.

“அத்த, அது அண்ணி” என்றாள்.

“யாரு?”

“அண்ணிதான் அத்த. அவங்களுக்குப் பேச வராது. வாயில புத்துநோய். தாடையில பாதி, நாக்கு, எல்லாம் எடுத்துட்டாங்க. ஒன்றர வருஷம் ஆவுது. அம்மாகிட்ட சொன்னா என்னை உயிரோட பாக்க முடியாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. அவர் மாசாமாசம் போய்ப் பாத்துட்டுத்தான் வர்றாரு. நானும் போறேன்.”

ஏழுமலை சரக்கு எடுக்கப் போகிறேன் என்று மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவான். சுகந்தி அம்மா வீட்டுக்கு என்று போவாள். எனக்குத்தான் எதுவும் மறக்காதே. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஞாபகம் இருக்கிறது.

“டிவியில நல்லாத்தானே இருந்தா?” என்று கேட்டேன். மதுமிதா அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஜூன் 23, செவ்வாய்

சென்னை பஸ்ஸில் சுகந்தியும் கூட வந்தாள். செத்தாலும் வாசல் மிதிக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். உயிரோடு இருக்கும்போது மிதிக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. இதை மேல்மருவத்தூர் தாண்டும்போது சுகந்தியிடமும் சொன்னேன். ஆமாம் அத்தை, நீங்க அப்படிச் சொல்லவே இல்லை என்றாள்.

சாலிகிராமத்தில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது இந்திராணி. செட்டில் தலை பின்னி விடுகிறவள். எங்கள் குடை ஒன்றை எடுத்துப் போய்த் திருப்பித் தராதவள். இவள்தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறாளாம். குடையைப் பற்றி நான் கேட்கவில்லை.

என்னைப் பார்த்ததும் பச்சையம்மா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். முடி கொட்டிவிட்டது. முதுகில் எலும்பு எண்ணலாம்.

“எடுடி துண்ட. நான் பெத்த மூஞ்சி. எனக்குத் தெரியாததா?”

எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

கீழ்ப் பாதி இல்லை. தொடையிலிருந்து தோல் எடுத்துத் தைத்திருக்கிறார்கள். கழுத்தில் மூச்சு விட ஒரு குழாய், மூக்கில் கஞ்சிக்கு ஒரு குழாய். வழியில் எங்காவது பார்த்திருந்தால் யாரோ என்று கடந்து போயிருப்பேன். ஆனால் இடது புருவத்தில் தழும்பு அப்படியே இருந்தது. மூன்று தையலும் தெரிந்தது.

ஜூன் 24, புதன்

சர்க்கரை மிஷின் கொண்டு வரவில்லை.

மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி விட இந்திராணி கற்றுக்கொடுத்தாள். மெதுவாக விட வேண்டும், இல்லாவிட்டால் புரை ஏறும். எழுபத்திரண்டு வயதில் பிள்ளைக்குச் சோறு ஊட்டப் புதிதாகக் கற்றுக்கொண்டேன்.

தலைமாட்டில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறாள். சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டுகிறாள். ஏழரைக்கு டிவியைப் போடு என்று எழுதினாள். வேண்டாம் என்றேன். போடு என்று கீழே இரண்டு கோடு கிழித்தாள்.

தேன்மலர் இன்னும் கிடத்தியே இருக்கிறாள். ஐந்தாவது எபிசோடு. இரண்டு பேரும் பார்த்தோம். ‘நல்லா படுத்திருக்கேன் இல்ல?’ என்று எழுதினாள். ‘மூச்சு கூட அடக்க வேணாம். மெஷின் பாத்துக்குது.’

தோள் குலுங்கியது. வலி என்று பதறிக்கொண்டு குனிந்தேன். கழுத்துக் குழாயிலிருந்து கொர் கொர் என்று சத்தம் வந்தது. வலி இல்லை. கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. சிரிக்கிறாள்.

அப்படியென்றால் பதினெட்டாம் தேதி நான் கேட்டது மூச்சு இல்லை.

அடுப்படிக்குப் போய் நின்றேன். திரும்பி வந்தபோது நோட்டை என் பக்கம் நீட்டி வைத்திருந்தாள். ‘நீ திட்டினது நல்லா கேட்டுச்சு. முன்னெல்லாம் போன்ல நீ பேசவே மாட்ட. ஒம்போது வருஷம் கழிச்சு உன் குரலக் கேட்டேன். அப்பிடியே இருக்குது. அதான் வெக்காம கேட்டுனே இருந்தேன்.’

ஜூன் 27, சனி

இன்றைக்கு நிறைய எழுதினாள். நான் கேட்டதால்.

ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்களாம். ஓர் அறையில் இரண்டு நாள் உட்கார வைத்து, சிரி, அழு, கோபப்படு என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்களாம். இனி அவள் வர வேண்டாம், மெஷினே நடிக்கும். நல்லவிதமாகத்தான் நடத்தினார்கள், சாப்பாடு போட்டார்கள், தேன்மலர் சாகப் போவதையும் முந்தின நாளே சொல்லி அனுப்பினார்கள் என்று எழுதினாள்.

“ஏன்டி ஒத்துக்கிட்ட?”

‘ஏழரைக்கு நீ பாப்ப. உனக்கு என் மூஞ்சி முழுசா இருக்கட்டும்னு.’

“நான் தொடரெல்லாம் பாக்கறதில்ல.”

‘தெனம் கீர ஆயறன்னு அண்ணி சொன்னா.’

சுகந்தியை அண்ணி என்று கிண்டலுக்கு எழுதுவாள். உண்மையில் பச்சையம்மாதான் சுகந்திக்கு அண்ணி. சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த வாயாடி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

புருவத்தைக் கேட்டேன். ஏன் அழித்தாய் என்று.

‘நான் அழிக்கல. அது வேணும்னு சண்ட போட்டேன். எத்தினி தடவ வெச்சாலும் மெஷின் தானாவே அழிச்சுடுதும்மா. பழுதுன்னு நெனச்சுக்குது.’

பிறகு பக்கத்தைத் திருப்பி எழுதினாள். ‘அப்பா செத்த அன்னிக்கு நான் படுத்திருந்தேன். சீன் பாதியில பொணத்த எழுப்பக் கூடாதுன்னு ரெண்டு மணி வரைக்கும் யாரும் சொல்லல. சொன்னதும் சிரிக்காம எழுந்து ஓடியாந்துட்டேன். அன்னிக்கு ஒரு நாள்தான் சிரிக்காம எழுந்தேன்.’

இதை ஒன்பது வருஷத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. நான் எங்கே சொல்ல விட்டேன்?

ஜூலை 2, வியாழன்

சுகந்தி சர்க்கரை மிஷினைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். 240. தேன்மலரை ஒரு வழியாக எரித்துவிட்டார்கள். சுவரில் போட்டோ, மாலை. பச்சையம்மா சாவகாசமாகப் பார்த்துவிட்டு, ‘திரும்பி வருவா பாரு. போட்டோ மாட்டினா வருவா’ என்று எழுதினாள். பதினோரு வருஷம் செட்டில் இருந்த எனக்குத் தெரியாதா?

ஜூலை 5, ஞாயிறு

கஞ்சி இறங்கவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லிவிட்டார். தலையில் முளைத்த முடியைத் தடவிக்கொண்டிருந்தேன். நோட்டைக் கேட்டாள். பென்சில் பிடிக்க முடியவில்லை. என் உள்ளங்கையில் விரலால் எழுதினாள். என்ன எழுத்து என்று புரியவில்லை. புரிந்தது மாதிரி தலையாட்டினேன்.

ஜூலை 9, வியாழன்

காலை ஆறு இருபது. என் மடியில்.

ஜூலை 10, வெள்ளி

நேற்று எழுத முடியாததை இன்று எழுதி வைக்கிறேன்.

குளிப்பாட்டி மாம்பழக் கலரில் பச்சை பார்டர் புடவை கட்டினோம். முகத்தைத் துணி போட்டு மூடலாம் என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம் என்றேன். செட்டில் அவளோடு வேலை செய்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். லைட்டு பிடிக்கிறவர், சாப்பாடு போடுகிறவர், டச்சப் பெண். இந்திராணி மூக்கில் பஞ்சு வைத்தாள், நெற்றியில் காசு வைத்தாள். எத்தனை தடவை வைத்த கை. தப்பில்லாமல் வைத்தாள்.

வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அங்கே நின்ற எல்லாருமே என்னைத்தான் பார்த்தார்கள். அவர்களுக்கும் அந்த வழக்கம் தெரியும்.

சிரித்தேன்.

முதலில் வரவில்லை. பிறகு வந்தது. அவள் சிரிப்பதுபோலவே சிரிக்கப் பார்த்தேன். முதலில் சின்னதாக, அப்புறம் அடக்க முடியாமல். எனக்குத்தான் ஞாபகம் இருக்கிறதே, போனில் கேட்ட ஆறு சிரிப்பும். வாசலில் நின்ற பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டார்கள். கிழவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

சுகந்தி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “அத்த, வேணாம் அத்த.”

“சும்மா இருடி. அவளால முடியாது. யாராவது ஒருத்தர் சிரிக்கணும். அப்பதான் எழுந்திருப்பா.”

லைட்டு பிடிக்கிறவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

மூன்று மணிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜூலை 24, வெள்ளி

காரியம் முடிந்தது. திண்டிவனம் வந்துவிட்டோம். சாப்பிட உட்கார்ந்தபோது சுகந்தி என் இலையில் அளவாக உப்புப் போட்டாள். அரக்குப் புடவையைப் பற்றி இனிமேல் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

ஜூலை 27, திங்கள்

சர்க்கரை 198.

ஏழரைக்கு ஏழுமலை டிவியை அணைக்க எழுந்தான். இருக்கட்டும் என்றேன்.

தேன்மலர் திரும்பி வந்துவிட்டாள். எரித்தது வேறு யாரையோவாம். வாசலில் நின்று எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள். பல் வரிசை, தாடை, கன்னத்துச் சதை, எல்லாம் இருந்தது. ஒரு நடிகைக்குப் பதில் வேறொருத்தியைப் போட்டால் இவருக்குப் பதில் இவர் என்று எழுத்துப் போடுவார்கள். இங்கே அதுகூடப் போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “யம்மா, பச்சையம்மா வந்துட்டா பாருங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. முதலில் சின்னதாக, அப்புறம் பெரிதாக. அவள் குரலேதான்.

மதுமிதாவின் பையிலிருந்து புருவ பென்சிலை எடுத்தேன். டிவியின் கிட்டப் போய், இடது புருவத்தில், அந்த இடத்தில், குறுக்கே ஒரு கோடு போட்டேன். ஒரு நொடி சரியாக இருந்தது. பிறகு அவள் நகர்ந்துவிட்டாள். கோடு கண்ணாடி மேலேயே நின்றது. மாமியார்க்காரியின் கன்னத்தில் கொஞ்ச நேரம் இருந்தது, கதவில் இருந்தது, விளம்பரத்தில் சோப்பு மேல் இருந்தது.

சுகந்தி துணி எடுத்துக்கொண்டு துடைக்க வந்தாள். துடைக்காதே என்றேன்.

நாளைக்கும் தொடர் உண்டு. எப்போதாவது ஒரு தடவை அவள் முகம் அந்தக் கோட்டுக்கு நேராக வந்து நிற்கும். அப்போது பார்த்துக்கொள்கிறேன்.